வடைக்கடைப் பானையும் பொற்பட்டயமும்

கடற்காற்றுக்கும் வரி கட்டிவந்த பூம்பாழி நாட்டில், அரசருக்கு ஒருநாள் சிறுவியாபாரிகள் மீது திடீரென்று அன்பு பொங்கியது. அவருக்கு அன்பு பொங்கும்போதெல்லாம் மக்கள் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வது வழக்கம்.

அந்நாட்டில் பழைய சட்டம் ஒன்று உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தெருவெங்கும் பானை வரும். அரசர் தொடரலாம் என்பவர்கள் அதில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். யோசிக்காமல் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

வணிக அமைச்சர் பரந்தாமனார் கடைவீதிக்கு வந்து பொற்பட்டயத்தை உயர்த்திக் காட்டினார். அதைக் காட்டினால் அரசுக் கிடங்கில் கடனுக்குச் சரக்கு தருவார்கள். ஆண்டுச் சந்தா நூறு பொன். பட்டயக்காரர் துறைமுக மண்டபத்துப் பட்டு மெத்தையில் சாய்ந்து இளநீர் குடிக்கலாம். கப்பலில் பெட்டி தொலைந்தால் புதுப்பெட்டி கிடைக்கும். பத்தாயிரம் புள்ளிகள் சேர்த்தால் பட்டத்து யானைக்கு ஒரு வாழைப்பழம் ஊட்டலாம்.

"இது வெறும் தகடன்று, மாட்சிமை!" என்றார் அமைச்சர்.

வடைக்கடை இசக்கியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயா, நான் கப்பலையே பார்த்ததில்ல. எனக்கு எதுக்கு இது?"

"பார்க்காதவர்களுக்கும் வாய்ப்பளிப்பதே அரசின் நோக்கம்."

"அப்ப கப்பலையும் நீங்களே குடுத்துருங்க."

உப்பு வியாபாரி மாசானம் மட்டும் உடனே வாங்கினார். வாரம் தவறாமல் கப்பலேறுகிறவர். "உங்களுக்குக் கட்டுபடியாகும்ண்ணே, தாராளமா வாங்குங்க" என்றாள் இசக்கியம்மாள்.

வேறு யாரும் வாங்கவில்லை. அரசருக்கு வருத்தம். பட்டயம் இல்லாதவர்கள் எண்ணெய்க் கிடங்கில் வெயில் வரிசையில் நிற்க வேண்டும் என்று ஆணை வந்தது. இசக்கியம்மாளுக்கு உச்சிப்பொழுதில்தான் எண்ணெய் கிடைத்தது. காலையில் சட்டி காயாத வடைக்கடையை யார் தேடி வருவார்கள்? ஒரே மாதத்தில் பாதி வாடிக்கை போயிற்று. அடுத்து, பட்டயம் வேண்டாம் என்பவர்களுக்கு மறுப்புக் கட்டணம் விதித்தார்கள். கடைசியில், எல்லாரும் பட்டயம் பெற்றதாகவே கருதப்படுவர், ஆனால் தாமாக வாங்காதவர்களுக்கு வெயில் வரிசை தொடரும் என்று அறிவித்தார்கள். வேண்டாதவர்கள் ஆண்டு முடிவில் அதை ஒப்படைத்துவிட்டு, துறைமுக மண்டபத்தில் மனுக் கொடுக்கலாம். மண்டபத்துக்குள் நுழையப் பட்டயம் காட்ட வேண்டும்.

இசக்கியம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் நூறு பொன்னைக் கட்டினாள். கட்டிய கையோடு அடுப்போரம் ஒரு பானையை வைத்தாள். "சலுகையை அனுபவிச்சவங்க, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டை போடுங்க. வருசம் போகட்டும், பார்ப்போம்" என்று வீதிக்கே சொன்னாள்.

ஆண்டு முடிந்ததும் சந்தாவைப் புதுப்பிக்க அமைச்சர் வந்தார். இசக்கியம்மாள் வீதியார் முன்னால் தன் பானையைக் கவிழ்த்தாள். நாற்பத்தொரு கொட்டைகள். அத்தனையும் மாசானத்தினுடையவை.

"உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை!" என்று வெகுண்டார் அமைச்சர்.

"எங்க பொழப்புக்கு ஆகாததை எப்படிய்யா பயன்படுத்துறது?"

அந்த வாரமே அரசரின் பானையும் வீதிக்கு வந்தது. ஐந்தாண்டில் அரசர் அருளிய நன்மைகளை முரசறைபவன் வாசித்தான்: பளிங்கு மண்டபம், பட்டு மெத்தை, யானைக்குத் தங்கக் கொலுசு. மக்கள் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முதல்முறையாக யோசித்தார்கள்.

மாலையில் பரந்தாமனார் பானையை ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"மாசானம், நீருமா போடவில்லை?"

"இளநீர் நல்லாத்தான் இருந்துச்சு, ஐயா. ஆனா அரண்மனைக்கு நாங்க கட்டுறது வெறும் நூறு பொன்னா? காத்துக்குக்கூட வரி கட்டுறோமே, அதுக்கு எங்களுக்கு என்ன கிடைச்சுது?"

அமைச்சர் அசரவில்லை. கொட்டை போடாதவர்களும் போட்டதாகவே கருதப்படுவர் என்று அங்கேயே ஓர் ஆணையை எழுதி, முத்திரைக்காக அரண்மனைக்கு ஓடினார். பானை காலியான அரசர் அன்றே பதவி இழப்பார், முத்திரையைத் தொடக்கூடாது என்று அந்தப் பழைய சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதுவரை யாரும் அதைப் படித்ததில்லை.

மறுநாள் கிடங்கில் ஒரே வரிசைதான். விடியுமுன்னே இசக்கியம்மாளின் சட்டி காய்ந்தது. புதிதாக அரசராக விரும்பிய மூவர் வடை தின்ன வந்து, பளபளக்கும் வாக்குறுதி ஓலைகளை நீட்டினார்கள்.

அவள் ஓலைகளை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் முன்னால் காலிப் பானையை நகர்த்தினாள்.