கடல்மட்டத்துப் பிஸ்கட்

தட்டில் விழுந்த பிஸ்கட், கல் விழுந்தாற்போல் ‘டங்’ என்றது.

"இது பசி போறதுக்கா, பல்லு போறதுக்கா?" என்று கேட்டாள் மனைவி.

மலையுச்சி வானிலை நிலையத்தின் அதிகாரி அசைந்து கொடுக்கவில்லை. மாலை வண்டியில் அவருடைய தங்கையும் அவள் கணவரும் வருகிறார்கள். அந்த மாப்பிள்ளை சமவெளியில் பேக்கரி நடத்துபவர். "அந்த உசரத்துல உங்களால ஒரு பிஸ்கட் சுட முடியாது மச்சான்" என்று அவர் தொலைபேசியில் சீண்ட, "சுடலேன்னா மீசையை எடுத்துடறேன்!" என்று இவர் சபதம் செய்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எண்ணெய் தடவி வளர்த்த மீசை அது. மாப்பிள்ளை பெருந்தன்மையோடு மாவு, சர்க்கரை அளவுகளையும் சொல்லியிருந்தார்.

"அவரு சொன்ன அளவைத்தானே போட்டீங்க?"

"அது அடிவாரத்து அளவு! இங்க காத்து லேசு. அப்படியே போட்டா மாவு பரந்து ஓடிடும். அதனால சர்க்கரையைக் குறைச்சேன், மாவைக் கூட்டினேன், சூட்டை ஏத்தினேன்."

"ஏத்தினதுதான் தெரியுதே!"

"திருத்தம் பத்தலை."

கொடாக்கண்டன் மலையென்றால் விடாக்கண்டன் இவர். மறுபடியும் திருத்தினார், பிஸ்கட் கூழாங்கல்லாயிற்று. மூன்றாம் முறைக்கு முன், வெளியே ஓடிக் காற்றழுத்தமானியைப் பார்த்து வந்தார். மழை வரும் அறிகுறி. அழுத்தம் மேலும் இறங்கியிருந்தது.

"பாத்தியா? இப்ப மலை இன்னும் கொஞ்சம் உசந்த கணக்கு!" என்று மீண்டும் சர்க்கரையில் கைவைத்தார்.

"மலை இருந்த இடத்துலதாங்க இருக்கு. நீங்கதான் ஏறிக்கிட்டே போறீங்க."

மூன்றாம் தட்டு கரியாகி வெளிவரவும், வாசலில் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மாப்பிள்ளை ஆசையோடு ஒன்றை எடுத்துக் கடித்தார். உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான்... நான் சொன்ன அளவுதானா இது?"

"உங்க அளவு கடல்மட்டத்துக்குச் சரி மாப்பிள்ளை. மலைக்கு வேணுங்கிற திருத்தத்தை நான்தான் போட்டேன்" என்றார் அதிகாரி, தோல்வியிலும் நிமிர்ந்து.

மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தங்கை பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அட அண்ணே! உன் மீசை போயிடக் கூடாதேன்னு, அவரு மலைக்குத் தகுந்த மாதிரி திருத்தித்தானே அந்த அளவையே சொன்னாரு!"