மெத்தைக்கடைக்காரர் எதிர்த்த வரி

"இந்த வரியை நான் உயிரோட விடப்போறதில்ல!" என்று சபதம் போட்டார் மெத்தைக்கடைக்காரர்.

வியாபாரமே படுத்துக் கிடக்கிற நேரம். பஸ் ஓட்டப் பணமில்லை, கடைக்காரர்கள் கூடுதல் வரி கட்டட்டும் என்கிறது நகரசபை. எதிர்த்துப் பேச வியாபாரிகள் சங்கம் இவரைத்தான் தேர்ந்தெடுத்தது. மெத்தப் படித்தவர் என்று சங்கத்தில் பேர். உண்மையில் மெத்தையில் படுத்தவர். ஆள் வராத கடையில், சாப்பாடு முடிந்ததும், இருப்பதிலேயே விலை கூடிய மெத்தையில் ஒரு தூக்கம். இந்த மந்தத்தில் அவர் கண்ட ஒரே லாபம் அதுதான்.

எழுதிய பேச்சை வீட்டில் படித்துக் காட்டினார். பதினாறு வரி. பதினாறிலும் வரி. மனைவி நகரப் பஸ் ஓட்டுகிறவள். சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பிரமாதங்க. நீங்க பேசினா வரி வரவே வராது."

"உனக்குக் கோபமில்லையா? பஸ்ஸைக் குறைச்சிடுவாங்களே?"

"எதுக்குக் கோபம்? வண்டி நின்னா நான் தினம் கடைக்கே வந்துடறேன். நாளைக்கு எனக்கு லீவுதான். வந்து பழகிக்கறேன்."

வந்தாள். பத்து மணிக்குள் எல்லா மெத்தைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டினாள். பதினொரு மணிக்கு அவரை ஏணியில் ஏற்றி மின்விசிறியைத் துடைக்கவிட்டாள். அரட்டையடிக்க வந்த செருப்புக்கடைக்காரர் தலையில் இரண்டு தலையணையைக் கட்டி அனுப்பினாள். சாப்பிட்டு முடித்து அவர் மெல்லச் சாய்ந்தார். உறை சரசரவென்று காட்டிக்கொடுத்தது.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"மெத்தையைச் சோதிச்சுப் பார்க்கறேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டே சோதிங்க."

மறுநாள் நகரசபையில் எழுந்து நின்றார். சங்கத்தார் கைதட்டத் தயாராக இருந்தார்கள். அவரோ எழுதியதை மடித்துப் பையில் போட்டார்.

"பஸ் ஓடினாத்தான் ஆள் வரும். ஆள் வந்தாத்தான் கடை ஓடும். போடுங்க வரியை!"

செருப்புக்கடைக்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வரித் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "உன் வண்டியைக் காப்பாத்திட்டேன்!"

அவள் முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே விழுந்தது.

"ரொம்ப சந்தோஷங்க. பாவம், ஆஸ்பத்திரிக்குப் போற பதினெட்டாம் நம்பரைத்தான் நிறுத்தறதா இருந்தாங்க. நான் ஓட்டறது பதினேழு."