இரண்டு அங்குலத்தால் வந்த வினை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அத்தானின் முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம், மனதளவில் எப்படி என்று உனக்கே தெரியும். போன் செய்தால், "உன் பொண்ணு இன்னும் அழுதுகிட்டு இருக்கா, ஒரு வாரத்துக்குக் கூப்பிடாதே" என்று வைத்துவிடுகிறாய். வைக்க வேண்டியதுதான். நானாக இருந்தால் எடுத்திருக்கவே மாட்டேன். நாளை இவர் வாலுவின் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார். பையில் மேலாகவே இந்தக் கடிதம் இருக்கும். முதலில் நீ படி. மகளிடம் காட்டலாமா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்.

அவள் உன்னிடம் எந்த இடத்திலிருந்து சொன்னாளோ, நான் என் தையல் டேப்பிலிருந்து சொல்கிறேன். பதினைந்து வருடமாக என் கழுத்தில் கிடந்த பழைய டேப்பின் நுனி பிய்ந்துவிட்டது என்று, இரண்டு மாதத்துக்கு முன் வாலுதான் மஞ்சள் நிறத்தில் புது டேப் ஒன்று வாங்கி வந்தாள். "இதையாவது கழுத்துல போட்டுக்கிட்டே தூங்காதேம்மா" என்று கேலி வேறு. போன மாதம் ஆபீஸ் விழாவுக்கு ஒரு கவுன் தைத்துத் தரச் சொன்னாள். அளவு நோட்டில் அவள் பக்கத்தை எடுத்தேன், இடுப்பு இருபத்தெட்டு என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. புது டேப்பைச் சுற்றினால் முப்பது. "மூச்சை விடுடி" என்றேன். "விட்டுட்டேன்மா" என்றாள். மறுபடி சுற்றினேன், மறுபடியும் முப்பது. முகம் அப்படியே இருக்கிறது, கன்னம் ஒட்டித்தான் இருக்கிறது, இடுப்பு மட்டும் எப்படி இரண்டு அங்குலம் ஏறும்? கையையும் தோளையும் ஒரு தடவை அளந்து பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். தோன்றவில்லையே அக்கா.

அதற்கப்புறம் என் புத்தி புத்தியாக இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் இரண்டு பாக்கெட் பேட் வாங்கி அலமாரியில் வைப்பேன். போய்த் திறந்து பார்த்தால் இரண்டு மாதத்துப் பாக்கெட் நாலும் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. போதாத குறைக்கு ஒரு நாள் காலையில் அவள் வாந்தி வேறு எடுத்தாள். ஆபீஸ் கேன்டீன்ல எதையோ தின்னேன்னு சொன்னா. நாங்கூட உன்னை வயித்துல வச்சுக்கிட்டு அப்படித்தாண்டி சொன்னேன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன். மருந்துக்கடைக்குப் போய், நாள் தள்ளிப் போனா பார்ப்பாங்களே அந்த அட்டை வேணும்னு கிசுகிசுத்தேன். கடைக்காரருக்குக் காது மந்தம். "யாருக்கும்மா, உங்களுக்கா?"ன்னு கடை முழுக்கக் கேட்டாரு. இந்த வயசுல எனக்கு எதுக்குய்யான்னு நானும் கடை முழுக்கச் சொல்லிட்டு வாங்கிட்டு வந்து பட்டன் டப்பாவுல ஒளிச்சு வச்சேன்.

ஒளிச்சு வச்சவ அதோட இருந்திருக்கலாம். அவ வேலை விட்டு வந்து, நாளெல்லாம் போன்ல ஊரார் புகாரைக் கேட்ட களைப்போட செருப்பைக்கூடக் கழட்டல. பட்டன் டப்பாவைத் திறந்து அட்டையை மேசையில வச்சு, அவங்க அப்பா முன்னாடியே, "யாருடி அவன்? எத்தனை மாசம் முழுகாம இருக்கே?"ன்னு கேட்டுட்டேன். கேட்டதோட விட்டேனா, இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சேனான்னு ஒண்ணு சொன்னேன். இவர் பேப்பரை மடிச்சாரு, மடிச்சதையே திரும்ப மடிச்சாரு.

அவ கத்தல அக்கா. கத்தியிருந்தா நானும் கத்திட்டுத் தூங்கியிருப்பேன். சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையும் டாக்டர் சீட்டும் எடுத்து மேசையில வச்சா. ஒரு வருஷமா அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்கா வர்றதில்லையாம். ஒரு தடவை நாப்பது நாள், ஒரு தடவை ரெண்டு மாசம். ஹார்மோன் கோளாறுன்னு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காங்க. தனியாவே போய், தனியாவே வரிசையில உட்கார்ந்து பார்த்துட்டு வந்திருக்கா. என்கிட்ட ஏண்டி சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா நீ என்ன நினைப்பேன்னு தெரியும்மா. நினைச்சிட்டே பாரு"ன்னா. நான் வாங்கிட்டு வந்த அட்டையை என் பக்கம் தள்ளி, "நீயே வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு, போட்ட துணியோட உன் வீட்டுக்குக் கிளம்பிட்டா.

இடுப்பு சமாச்சாரம் நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இந்த ரெண்டு மாசமா தைச்ச சட்டையெல்லாம் இறுக்குதுன்னு திரும்பி வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் எல்லாருக்கும் ஒரே பதில், "நீங்க கொஞ்சம் சதை போட்டிருக்கீங்கம்மா." பேங்க் மேனேஜரம்மா அதைக் கேட்டு ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டாங்க. நர்ஸம்மாதான் அசரல. "என் எடையை நான் தினமும் பார்க்கிறேன், உங்க டேப்பைக் காட்டுங்க"ன்னு பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சாங்க. புது டேப்போட அறுபது, பழசோட அம்பத்தாறுல போய் நின்னுச்சு. பதினஞ்சு வருஷமா நான் இழுத்த இழுப்புல பழசு நீண்டு போயிருக்கு. நோட்டுல இருக்கிறது பழைய டேப்போட அளவு, துணி வெட்டினது புது டேப்புல. வாலு இடுப்பு எப்பவுமே முப்பதுதான் அக்கா. அவ ஆசையா வாங்கிக் கொடுத்த டேப்பை வச்சே அவளை அளந்து, அவளை அப்படி ஒரு கேள்வி கேட்டுட்டேன்.

தீர விசாரிப்பதே மெய்ன்னு வாய் நிறையப் பழமொழி சொல்றவ நான். விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிட்டேன். அவ நிஜமாவே முழுகாம இருந்திருந்தாக்கூட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, அதுதான் இப்ப நெஞ்சை அறுக்குது. பயந்து போய் வந்து சொல்றதுக்கு அவளுக்கு ஒரு அம்மா இல்லாம போயிட்டேனே.

ஆகவே அக்கா, அவளை அவசரப்படுத்தாதே. கோபம் தீரும்வரை அங்கேயே இருக்கட்டும், ஒரு மாதமானாலும் சரி. மாத்திரையைப் பையின் பக்கவாட்டில் வைத்திருக்கிறேன், வேளை தவறாமல் சாப்பிடச் சொல். அவள் திரும்பி வந்தால் அவள் உடம்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், யாருடைய நாளையும் எண்ண மாட்டேன். இது சத்தியம். அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். வாலுவுக்கு, அவள் ஏற்றுக்கொண்டால், என் முத்தம்.

இப்படிக்கு,
வாய்க்குப் பூட்டில்லாத உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அவளுக்கு வேண்டுமே என்று பேட் எடுக்க அலமாரியைத் திறந்தேன். நாலு பாக்கெட்டும் அப்படியே இருக்கு அக்கா. அவளோடது ரெண்டு. மீதி ரெண்டு யாரோடது? உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். எனக்குக் கடைசியா வந்தது பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் முடிஞ்ச வாரம், இப்ப மூணாவது மாசம் ஓடுது. நான் போட்டிருக்கிற கவுனும் இறுக்குது, இது பழைய டேப் காலத்துலயே தைச்சது. தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க, எனக்கு என் வயிறே தெரியல. நாப்பத்தாறு வயசு, நின்னு போற காலமா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். இவர்கிட்ட இன்னும் சொல்லல. பட்டன் டப்பாவுல அந்த அட்டை இருக்கு, அதுல அச்சடிச்சிருக்கிற பொடி எழுத்து எனக்குப் புரியல. ஒரு மாசம் இருக்கட்டும்னு மேலே எழுதினதை அடிச்சிடு. நாளைக்கு இவர்கூடவே வாலுவை அனுப்பி வை. திட்டினாலும் பரவாயில்ல, என்ன வேணா கேட்கட்டும். எனக்குப் பயமா இருக்குன்னு அவகிட்ட மட்டும் சொல்லு.