விட்லாக்கின் வலது முழங்கால்

வலது முழங்காலைச் சரிசெய்துகொள்ள ஆபரேஷனுக்குப் படுத்த வக்கீல் ஆல்டன் விட்லாக், இடது முழங்காலில் கட்டோடு கண் விழித்தார். அன்றைக்கு ஏறிய கொதிப்பு, வீடு திரும்பியும் இறங்கவில்லை.

ஹார்ட்ஃபர்டில் பாதிப் பேர் இன்சூரன்ஸில் பிழைக்கிறார்கள். மீதிப் பேர் அதோடு சண்டை போட்டுப் பிழைக்கிறார்கள். விட்லாக்கின் பிழைப்பு, வைத்தியத்தில் தப்பு செய்த டாக்டர்களைக் கோர்ட்டில் காப்பாற்றுவது. போதாததற்கு, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்சூரன்ஸ் கொடுக்கும் மறுகாப்பீட்டுக் கம்பெனிக்கு ஒப்பந்தமும் எழுதித் தருவார். டாக்டர்களுக்கு அவர் காலமெல்லாம் ஓதிய மந்திரம் ஒன்றுதான்: என்ன நடந்தாலும் சாரி சொல்லாதே. கட்டின மனைவிகூட அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது வேண்டியது நஷ்டஈடு அல்ல. கால் மாற்றி அறுத்த டாக்டர் ப்ரான்சன் எதிரே நின்று சாரி சொல்ல வேண்டும்.

போன் போட்டார்.

"எதுவும் பேசக்கூடாதுன்னு எங்க வக்கீல் சொல்லியிருக்கார் சார்."

"எந்த மடையன் அவன்?"

"உங்க ஆபீஸ்தான் சார். உங்க ஜூனியர்."

போன் சுவரில் போய் விழுந்தது.

மனைவியின் போனை வாங்கி, மறுகாப்பீட்டுக் கம்பெனியின் அதிகாரி கிரெட்சனைப் பிடித்தார். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸுக்கு முட்டுக்கொடுத்து நிற்பது அந்தக் கம்பெனிதான். மேலேயிருந்து ஒரு வார்த்தை வந்தால் டாக்டரின் வாய் திறக்கும் என்று கணக்கு. கிரெட்சன் பொறுமையாகக் கேட்டாள். எங்களைக் கேட்காமல் டாக்டர் தப்பை ஒப்புக்கொண்டால் சல்லிக்காசு கிடையாது என்று ஒப்பந்தம் சொல்கிறதே என்றாள்.

"அந்த வரியைத் தூக்கும்மா."

"நூல் நுழைய இடமில்லாம எழுதியிருக்கீங்க சார். எப்படித் தூக்கறது?"

அதோடு விட்டாளா? எங்கள் பணத்தில் கை வைக்கப்போகிறவர் எங்களுக்கே வக்கீலாக இருப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டு, சாயங்காலத்துக்குள் அவரிடமிருந்த வழக்குகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டாள்.

கால் போயிற்று, கட்சிக்காரரும் போயாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு ரோசலி பெனடெட்டியின் ஆபீஸுக்கு டாக்சியில் போனார். டாக்டர்கள் மேல் வழக்குப் போடுவதே அவள் தொழில். கேஸ் பிடிக்க ஆம்புலன்ஸ் பின்னால் ஓடுகிறவள் என்று கோர்ட்டிலேயே அவளைச் சொன்னவர் இவர்.

"கேஸை எடுத்துக்கறேன் ஆல்டன். முதல்ல எனக்கு ஒரு சாரி சொல்லு."

விட்லாக் வாயைத் திறந்தார். 'சா' வரைக்கும் வந்தது. அதோடு சரி.

"நீ ஓடினது உண்மைதானே," என்று முடித்துவிட்டு ஊன்றுகோலைத் தேடினார்.

இனி நேரே போய்க் கழுத்தைப் பிடிப்பதுதான் வழி. டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கார் ஓட்டக்கூடாது என்று மனைவி கத்தியதை நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகக் கேட்டோம். அவர் கேட்கவில்லை.

திருப்பத்தில் டாக்டரே எதிரே நடந்து வந்தார், கையில் மூடிபோட்ட தட்டோடு. விட்லாக் பிரேக்கை மிதித்தார். மிதிக்க வேண்டியது வலது கால். அது யாரும் சரிசெய்யாத கால். சமயம் பார்த்துப் பிடித்துக்கொண்டது. கார் நடைபாதை ஏறி, ஒரு தபால் பெட்டியைச் சாய்த்து, டாக்டரின் பாதத்தின் மேல் நிதானமாக நின்றது.

"பிரேக் போடத் தெரியாதாய்யா?" என்று அலறினார் டாக்டர்.

"பிரேக் போடற கால்தான்யா நீ தொடாம விட்ட கால்."

"சாரின்னாவது சொல்லித் தொலையும்."

விட்லாக் கண்ணாடியைப் பாதி இறக்கினார். "என் வக்கீல் இல்லாம எதுவும் பேசறதா இல்லை."

சத்தம் கேட்டு டாக்டரின் மனைவி ஹெலன் ஓடி வந்தாள். சக்கரத்தடியில் தட்டோடு நசுங்கிக் கிடந்த ஆப்பிள் பை பலகாரத்தைப் பார்த்தாள். பிறகு விட்லாக்கைப் பார்த்தாள்.

"வாயைத் திறக்காதேன்னு சொன்ன வக்கீலைக் காலையில உங்க போன் வந்ததுமே வேண்டாம்னு அனுப்பிட்டு, உங்ககிட்ட சாரி சொல்லத்தான் சார் இவர் வந்துட்டிருந்தார்."