பெண் பார்க்கப் போன போத்தல்

பெண் பார்க்கப் போகிறவன் பையில் ஒரு போத்தல் இருந்தால் போதும். இரண்டு கொண்டுபோகிறவன் என்னைப் போன்ற அதிபுத்திசாலியாகத்தான் இருப்பான்.

அப்போது எனக்கு முப்பதை ஒட்டிய வயது. பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, பட்டிப்பொல ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, கினிகத்தேனை பேக்கரியில் மாவு பிசைந்து, கடைசியில் பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் தொற்றிக்கொண்டிருந்தேன். (ஓட்ட அல்ல, பின்னால் நிற்க.) அங்கேதான் அட்டை கடித்த புண் ஒன்று மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. ஹட்டன் கடைத்தெரு டாக்டர் ஐயா காலைப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார், "சீனி வியாதி" என்றார்.

அதிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை அவரிடம் போகவேண்டும். விடியற்காலைச் சிறுநீரைப் போத்தலில் கொண்டுபோனால், நீல மருந்தில் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார். நீலமாகவே இருந்தால் தட்டிக்கொடுப்பார். செங்கல் நிறமானால், "எந்தக் கடையில என்னத்தத் தின்ன?" என்று விசாரணை. பிறகு குனிந்து என் கால்விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் புதிய கடி தேடுவார். என் காலை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர் வேறு யாருமில்லை.

கல்யாணப் பேச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பொண்ணு வீட்டுல வியாதியச் சொல்லிட்டியா?"

"சொல்லிடுறேங்க."

"நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை. ஆனா சமைக்கப் போறது அவ."

நான் சொல்லவில்லை. சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள் என்ற பயம்.

பெண் வீடு நோர்வூட்டில், ஹட்டன் போகிற அதே பஸ் பாதை. ஒரே பயணத்தில் இருவரையும் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமையாகப் பார்த்துப் புறப்பட்டேன். பையில் கடதாசி சுற்றிய இரண்டு அரைப் போத்தல்கள். ஒன்று பெண்ணின் தகப்பனாருக்கு மரியாதைச் சாராயம். மற்றது டாக்டருக்கு, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியது. பையைத் தூக்கி வந்த மச்சானிடம், அதாவது அக்கா புருஷனிடம், நூல் விவரத்தை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான பெண் வீட்டில், பாய் விரித்திருந்தார்கள். மச்சான் பெருமையாகப் பையில் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பெண்ணின் தாய்மாமன் கடதாசியை உரித்து, போத்தலை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல நிறம். பழைய சரக்குதான்."

கீழே விழுந்த கடதாசியில் சிவப்பு நூல்.

"மாமா, அது வேணாங்க. அது டாக்டருக்கு."

"ஏன், டாக்டரு குடிக்கிறத நாங்க குடிக்கக் கூடாதா?" கிளாஸை இழுத்து மூடியைத் திருக ஆரம்பித்தார்.

"அவரு குடிக்க மாட்டாருங்க. கொதிக்க வைப்பாரு."

"சாராயத்தையா?"

அதற்குமேல் ஒளிக்க வழியில்லை. வியாதி, நீல மருந்து, போத்தலில் இருப்பது என்ன என்பது வரை ஒரே மூச்சில் கொட்டினேன். மாமா போத்தலைப் பூனைக்குட்டியை இறக்குவதுபோல் மெதுவாகக் கீழே வைத்தார். மச்சான் கூரைத் தகரத்தை ஆராய்ந்தார். உள்ளே ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். என் மனைவியின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தகப்பனார் சிரிக்கவில்லை. சால்வையைத் தோளில் போட்டார். "வாங்க தம்பி, டாக்டர்கிட்டயே கேட்டுருவோம்." அந்தக் குடும்பத்துக்கும் அவர்தான் வைத்தியர் என்பதே எனக்கு பஸ்ஸில்தான் தெரிந்தது.

டாக்டர் முதலில் என்னைப் பார்த்தார். "இவர்கிட்ட பேசலாமா?" தலையாட்டினேன். விளக்கை ஏற்றினார். நீலம் கொதித்து, செங்கல்வரை போகாமல் பச்சையில் நின்றது. என் வாழ்க்கை ஒரு கண்ணாடிக் குழாயில் கொதிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"ஐயா, நம்பிப் பொண்ணு குடுக்கலாமுங்களா?"

"இது போகிற வியாதியில்ல, அடக்கி வைக்கிற வியாதி. இவன் ஊர் ஊராச் சுத்தினவன், ஆனா ஒரு சனிக்கிழமையும் தவறினதில்ல. முடிவு உங்க மகளோடது. சரின்னா இங்க கூட்டிட்டு வாங்க, சோத்து அளவ அவளுக்குத்தான் சொல்லணும்."

அடுத்த மாதம் அவள் வந்தாள். சோற்று அளவோடு கொதிக்க வைக்கவும் கற்றுக்கொண்டு போனாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த விசாரணை எங்கள் அடுப்படியிலேயே நடந்தது. டாக்டரிடம் போவது மேல்முறையீட்டுக்கு.

தாய்மாமன் கடைசிக் காலம்வரை எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தண்ணியைத் தவிர எதையும் குடித்ததில்லை. அதையும் யன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, "மாப்பிள்ள, இது எனக்கா, டாக்டருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான்.