ஐந்து நூல் கீரை

நளினி கண் விழித்தபோது காலை ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியிருந்தது. மடியிலிருந்த பையைக் காணோம். எதிர் சீட்டில் விரித்த செய்தித்தாளில் ஆய்ந்த கீரை ஒரே குவியலாகக் கிடந்தது.

"எந்திரிச்சிட்டியா கண்ணு? என்னுத முடிச்சு வச்சிட்டு உன்னுதையும் ஆய்ஞ்சாச்சு," என்றாள் சோனியா, பெங்களூரு மெஸ் ஒன்றில் சமையல் செய்பவள். கோலார் தங்கவயல் ரயிலில் யார் கீரை கொண்டுவந்தாலும் பெட்டியே சேர்ந்து ஆய்ந்து கொடுத்துவிடும். கேட்கவும் வேண்டாம், தடுக்கவும் முடியாது.

"ஐயோ அக்கா! அது சமைக்க இல்ல. அஞ்சு வகை. லேப்ல டிஎன்ஏ பாக்கணும்!"

முளைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, குப்பைக்கீரை. இந்தப் பங்காளிக் கீரைகளின் டிஎன்ஏ எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் நளினியின் ஆராய்ச்சி. பாவம், அவள் கீரையைக் கம்ப்யூட்டரில் டிஎன்ஏ எழுத்துகளாகத்தான் பார்த்தவள். பூதிகோட்டை கீரைக்காரி கிருஷ்ணம்மா ஐந்து நிற நூலில் கட்டி, பேர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்திருந்தாள். நூலெல்லாம் இப்போது ஜன்னல் வழியே போய்விட்டது. இன்றைக்குள் கீரை மாதிரிகளைக் கொடுக்காவிட்டால் ஆராய்ச்சியில் இடமில்லை என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"இதுக்கா அழுவுற? பிரிச்சிட்டா போச்சு. இந்தா, இது தண்டுக்கீரை," என்று ஒரு இலையை எடுத்தாள் சோனியா.

"இன்னாக்கா நீ, அது அரைக்கீரை! பொறந்ததுலேர்ந்து துன்றேன், எனக்குத் தெரியாதா?" என்று பாய்ந்தாள் பக்கத்து சீட்டு மமதா.

பெட்டி இரண்டாகப் பிரிந்து கத்தியது. கடைசியில் ஓட்டெடுத்து, இலைகளை ஐந்து கவர்களில் போட்டார்கள். நளினி கவர்களில் பேர் எழுதினாள்.

அடுத்த மாதம் பேராசிரியர் கூப்பிட்டார். "அஞ்சு கவர்லயும் ஒரே கீரை. மத்த நாலும் எங்கம்மா? சீக்கிரம் கொண்டா, இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்."

மறுநாள் ரயிலில் நளினி சோனியாவிடம் நேராகக் கேட்டாள். "அக்கா, நாலு வகைய மெஸ்ஸுக்கு எடுத்துக்கினு போய்ட்டீங்களா?"

"என்னியா திருடின்ற?" சோனியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் நளினிக்கு யாரும் இடம் பிடித்துவைக்கவில்லை. பெங்களூரு வரை நின்றுகொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டைக்கு ஓடினாள். "கிருஷ்ணம்மாக்கா, அன்னிக்குக் குடுத்த அதே அஞ்சு வகையும் மறுபடி வேணும்!"

கிருஷ்ணம்மா நூல்கண்டைத் தேடி எடுத்தாள். "அன்னிக்கு எங்கிட்ட சிறுகீரை மட்டும்தாம்மா இருந்துச்சு. அஞ்சும் இல்லன்னா அழுதுருவ போல நின்ன, அதான் கலர் கலரா கட்டிக் குடுத்தேன்."