மைனஸ் சி போட்டு விசாரித்த சம்பந்தம்

பாக்கார் ஆராங்,
சுங்கை பட்டாணி,
ஆகஸ்டு 1988.

பினாங்குக் கிளையில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கும் அன்பு மைத்துனர் கென்னத்துக்கு, உன் அக்காள் புருஷன் கிளாரன்ஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் மானத்தைத் தவிர மற்ற எல்லாரும் நலம். அங்கே உன் சாமர்த்தியமும் நலமாகவே இருக்கும்.

"எதுக்கு அத்தான் ஸ்டாம்பு? நம்ம பேக்டரி கம்ப்யூட்டர்லயே மெயில் அனுப்பலாம்லா" என்று போனில் பாடம் நடத்தினாயே, அதன் பலனைக் கேள். மெயில் என்று தட்டணும், மைனஸ் எஸ் போட்டுத் தலைப்பு, மைனஸ் சி போட்டு மற்றவர்கள் பெயரையும் சேர்க்கலாம், கடைசியில் உன் பெயர் என்றாய். அந்த மற்றவர்களுக்கும் கடிதம் முழுசாகப் போய்விடும் என்பதை மட்டும் உனக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டாய், மகராசன். கடித முடிவில் இன்னாரையும் இன்னாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று எழுதுவோமே, அதற்கென்று கம்ப்யூட்டரிலேயே இடம் விட்டிருக்கிறார்கள், வெள்ளைக்காரனுக்கும் மரியாதை தெரிகிறதே என்று நான் பூரித்துப்போனேன். ஒரு பெயர் விட்டுப்போனாலும் மனத்தாங்கல் வரும் என்று மேனேஜர், டைப்பிஸ்ட் நவமணி, இன்னும் கம்ப்யூட்டரில் பெயர் இருந்த அத்தனை பேரையும் போட்டேன். சம்பந்தியாகப் போகிறவர் என்று ஸ்டோர் சூப்பர்வைசர் ஏசுதாசனைத்தான் முதலில் போட்டேன்.

கடிதத்தில் என்ன இருந்தது? "ஏசுதாசன் மகனுக்கு நம்ம அக்னஸைக் கேட்கிறார்கள். பையன் உங்கள் கிளையில்தானே இருக்கிறான், குடிப்பானா என்று காதும் காதும் வைத்த மாதிரி விசாரி." ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், மலாய்க்கார மேனேஜருக்குப் புரியவில்லை. நவமணியைக் கூப்பிட்டுக் கேட்டார். "பாஸ், இது கல்யாண விஷயம்லா" என்றவள், ஆபீசே கேட்க வாசித்து மலாயில் விளக்கமும் சொன்னாள்.

நான்தான் தெரியாதவன். படித்த மேதை நீ என்ன செய்தாய்? அத்தனை பேருக்குமே பதில் போட்டாய்: "குடிப்பான் அத்தான், ஆனா நீங்க குடிக்கிறதுல பாதிகூட இல்ல."

உன் அக்காள் ஜெனவீவ் என்னோடு பேசுவதில்லை. ஏசுதாசன் என்னைக் கண்டதும் ஸ்டோர் கதவைச் சாத்திக்கொள்கிறார். "எனக்கு வேற மாப்பிள்ளை வேணாம்பா" என்று அக்னஸ் அழுகிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு நெஞ்சு வலிக்கிறது. சம்பந்தம் முறிந்தது என்றே வைத்துக்கொள். அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் திசைக்கே ஒரு கும்பிடு. உன் உறவுக்கும் அதே கும்பிடு.

ஆண்டவர் உன்னையும், முக்கியமாக உன் விரல்களையும் ஆசீர்வதிப்பாராக. உன் மனைவி கேதரினைக் கேட்டதாகச் சொல்லவும். வேறு யாரையும் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கிளாரன்ஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஏசுதாசன் மனைவியோடு வந்து நிற்கிறார். "ஒங்களக் கண்டா சிரிப்பு வந்துரும்னுதான் கதவச் சாத்துனேன் அண்ணே. ஒங்களப் பத்தி விசாரிக்க ஒங்க சொந்த ஊரு கரங்கான் வரைக்கும் ஆள் அனுப்பணும்னு இருந்தோம், ஒங்க மச்சானே எல்லாத்தையும் சொல்லிட்டாருலா. அதுவுமில்லாம, லிஸ்ட்ல என் பேரத்தான மொதல்ல போட்டிருந்தீங்க!" என்றார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நிச்சயதார்த்தம். அழைப்பை மைனஸ் சி போட்டு எல்லாருக்கும் அனுப்பப் போகிறேன். உனக்கும் வரும். தயவுசெய்து பதில் போடாதே, நேரில் வா.